நெகிழாத வளை

பிற துறை ஆசிரியர்கள் தமிழ்த்துறையை நாடி வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகத்தான். பிறந்த குழந்தைக்கு ஒரு தமிழ்ப்பெயர் வேண்டும். அல்லது அழைப்பிதழில் ஒற்று மிகுமா மிகாதா என்று தெரியவேண்டும். ஆகவே, வேதியியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் தோழி ஒரு மாலையில் என் மேசைக்கு எதிரே வந்தமர்ந்து "அக்கா, ஒரு சொல் வேண்டும்" என்றபோது, அவள் வீட்டில் யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்றே எண்ணினேன்.

அவள் கேட்டது ஒரு பிணைப்பின் பெயர். உலோக வினையூக்கிகளில் முனைவர் பட்டம் பெற்றவள் அவள். திருச்செந்தூர்ச் சாலையிலுள்ள பள்ளி ஒன்றில் தமிழில் உரை நிகழ்த்த ஒப்புக்கொண்டிருந்தாள். இரண்டு மூலக்கூறுகள், தமக்கிடையே அணுக்களின் ஒட்டுதல் எதுவும் இல்லாமலே, ஒன்றனுள் ஒன்று கோக்கப்பட்ட காரணத்தால் மட்டும் பிரியாமல் நிற்பதுண்டு என்றும், அந்தக் கட்டுக்கு மெக்கானிக்கல் பாண்ட் என்று பெயர் என்றும் சொன்னாள். நான் யோசிக்கவே இல்லை. "இயந்திரப் பிணைப்பு" என்றேன். அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. "இதில் இயந்திரம் எங்கே இருக்கிறது அக்கா?" என்றாள்.

பிறகு என் வலக்கையைக் காட்டி, அந்த வளையலைக் கழற்றச் சொன்னாள். அது என் திருமணத்திற்கு இட்டது. இருபது ஆண்டுகளில் கை பருத்துவிட்டது. வளையல் கட்டைவிரல் மூட்டைத் தாண்டி வராது.

"இது உங்கள் கையோடு ஒட்டியிருக்கிறதா?"

"இல்லை. சுற்றுகிறது, ஏறி இறங்குகிறது."

"பிறகு ஏன் வரவில்லை?"

"கை பெரிதாக இருக்கிறது."

"அவ்வளவுதான் அக்கா அந்தப் பிணைப்பு. அதற்குத்தான் சொல் கேட்டேன்."

எனக்குச் சற்று நாணமாக இருந்தது. வளை நெகிழும் தலைவியைப் பற்றி இருபது ஆண்டுகளாக வகுப்பெடுத்துவருகிறேன். பிரிவுத் துயரால் தோள் மெலிகிறது. மெலிந்த கையில் வளை நில்லாது கழல்கிறது. தோழி அதைக் காண்கிறாள், தாய் காண்கிறாள், ஊர் காண்கிறது. சங்கப் பாடல்களில் காதலின் நோய்க்குறி அது. வேதியியலார் அதே காட்சியை மூலக்கூற்றளவில் கண்டு அஞ்சுகிறார்கள். ஓர் அச்சு, அதைச் சுற்றி ஒரு வளையம், வளையம் கழன்றுவிடாதபடி அச்சின் இரு முனைகளிலும் பருத்த குமிழ்கள். இந்த அமைப்புக்கு ரோடாக்சேன் என்று பெயர். சக்கரத்தையும் அச்சையும் குறிக்கும் இலத்தீன் சொற்களைச் சேர்த்துச் செய்த பெயர் அது. முனைக்குமிழ் போதிய அளவு பருமனாக இல்லாவிட்டால், சூடேற்றும்போது வளையம் நழுவிக் கழன்றுவிடும். இரண்டு வளையங்கள் சங்கிலிக் கண்ணிகள்போல் கோத்திருந்தால் அது கேட்டினேன்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். வளை என்றால் கைவளை. சங்கையும் வளை என்பார்கள். எலி வாழும் பொந்தும் வளைதான். இந்த மூன்று பொருளும் அவளுடைய ஆய்வுக்குள் ஒவ்வொன்றாக வந்து சேரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வளையத்துக்குள் அச்சைக் கோப்பது எளிதன்று. 1960இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாசர்மன் என்பவர் இரு வளையங்களைக் கோத்துக் காட்டினார்; ஆனால் நீண்ட இழைகள் வளையமாக மூடிக்கொள்ளும்போது அவற்றுள் சில தற்செயலாக இன்னொரு வளையத்துக்குள் நுழைந்திருக்கும் என்ற நம்பிக்கையில் செய்த வேலை அது. கிடைத்தது மிகச் சொற்பம். 1983இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் ழான்-பியேர் சோவாஜ் தற்செயலை நம்பாமல் செம்பை நம்பினார். செம்பு அயனி ஒன்று, ஒரு வளையத்தையும் ஒரு பிறைத்துண்டையும் இரு கைகளால் பற்றிக் குறுக்காக நிறுத்திக்கொண்டது. பிறையின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கிவிட்டுச் செம்பை வெளியேற்றினார்கள். கோத்த வளையங்கள் 42 விழுக்காடு கிடைத்தன. தரகர் விலகியபின்னும் நிலைக்கும் சம்பந்தம்போல என்று நான் சொன்னதற்குத் தோழி சிரித்தாள். பின்னர், 1991இல் ஸ்டோடர்ட் அச்சின்மீது வளையம் இங்குமங்கும் ஓடிவரச் செய்தார். இவ்விருவரும் ஃபெரிங்காவும் 2016இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஸ்டோடர்ட் 2024 டிசம்பரில் மறைந்தார்.

இதுவரை உலோகம் கோக்க உதவும் ஏவலாள் மட்டுமே. தோழியின் அக்கறை வேறு: கோத்துவைத்த அமைப்புக்குள் உலோகத்தைக் குடியேற்றி அதை வினையூக்கியாக வேலை வாங்குவது.

வினையூக்கி எங்கள் ஊருக்குப் புதிதன்று. தூத்துக்குடியில் 1975 முதல் உரம் செய்துவரும் ஸ்பிக் ஆலையின் அம்மோனியாவுக்கு அடிப்படை, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இரும்பின் மேற்பரப்பில் சேர்த்துவைக்கும் வினைதான். அங்கே இரும்பு திறந்த வெளியில் நிற்பதுபோல. யார் வந்தாலும் சேர்த்துவிடும். அம்மோனியாவுக்கு அது போதும். நுட்பமான மூலக்கூறுகளுக்கு அது போதாது. எது உள்ளே வரலாம், எந்தப் பக்கமாகத் திரும்பி வரலாம் என்று உலோகத்தைச் சுற்றியுள்ள சூழல் தீர்மானிக்கவேண்டும். உலோகத்துக்கு ஒரு பொந்து வேண்டும். அகராதியின் மூன்றாம் பொருள்!

இதற்கு முன்மாதிரி தேடி வெளியூர் போகவேண்டியதில்லை என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி இனத்திலிருந்து ஜப்பானியர் 1996இல் நாக்ரைன் என்னும் புரதத்தை அறிவித்தார்கள். சிப்பியின் உள்ளே மின்னும் படலத்தில் இருக்கும் புரதம் அது. அதன் ஒரு பகுதி, கரியமில வாயுவையும் நீரையும் சேர்க்கும் நொதியின் இனத்தைச் சேர்ந்தது. அந்த நொதியின் நடுவே ஒரே ஒரு துத்தநாக அயனி. அதை மூன்று ஹிஸ்டிடின்கள் பொந்துக்குள் பிடித்துவைத்திருக்கின்றன. நான்காம் இடத்தில் நீர். அந்தக் குடும்பத்தின் விரைந்த உறுப்பினர்கள் ஒரு விநாடியில் பத்து லட்சம் தடவை வேலை செய்பவை. துத்தநாகம் தனியாக நின்றால் இதில் ஒரு சிறு பங்கும் செய்யாது. முத்தைப் பற்றி எத்தனையோ உவமைகளைப் படித்திருக்கிறேன். அதன் பிறப்பில் ஒரு துண்டு உலோகம் இப்படி ஒளிந்திருப்பதை எந்தப் புலவரும் எனக்குச் சொன்னதில்லை. 1961இல் இங்கே கடைசியாக முத்துச்சலாபம் நடந்தபோது என் அப்பாவுக்குப் பதினொரு வயது. கரையில் சிப்பிகள் அழுகிய நாற்றத்தைத்தான் அவர் இன்றும் நினைவுகூர்வார்.

நொதியைப்போல் பெரிய புரதத்தைச் செயற்கையாகக் கட்டி எழுப்புவது பெரும்பாடு. அணுவணுவாக ஒட்டிப் பொந்து செய்வதும் கடினம். ஆனால் அச்சில் உலோகத்தைப் பொருத்தி, அதன்மேல் வளையத்தை நிறுத்திவிட்டால், அச்சுக்கும் வளையத்துக்கும் நடுவே தானாகவே ஒரு பொந்து அமைகிறது. இரண்டும் ஒட்டாததால் அப்பொந்துக்கு அசைவும் உண்டு. கழலாததால் காவலும் உண்டு. 2003இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரக் குழு, மாங்கனீசு கொண்ட ஒரு வளையத்தை நீண்ட ரப்பர் இழையில் கோத்து, அது இழைமீது நகர்ந்தபடியே ஆக்சிஜனைப் பதித்துச் செல்லும்படி செய்தது. செபமாலை உருட்டும் விரல்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். மூன்றாண்டு கழித்து டேவிட் லீயின் குழு, வளையத்தின் நடுவிலேயே செம்பை நிறுத்தி, அதன் இருபுறமும் வந்து சேரும் இரண்டு அரை அச்சுகளை அந்தச் செம்பைக்கொண்டே வளையத்தினூடே இணைத்தது. ஏவலாளே வினையூக்கியும் ஆனான்.

2015இல் இங்கிலாந்தின் ஸ்டீபன் கோல்டப் குழுவினர் செய்தது இன்னும் விசித்திரம். அச்சில் தங்கம், மேலே வளையம். வளையம் இல்லாத வெறும் அச்சிலிருக்கும் தங்கம் வழக்கம்போல் வேலை செய்தது. வளையத்தோடு கோத்த தங்கமோ வேறொரு அயனியின் துணையின்றிச் சரிவர இயங்கவில்லை. செம்பு அயனி வந்து சேர்ந்ததும் நன்றாகச் செயல்பட்டது; விளைபொருளின் வடிவத் தேர்வும் மேம்பட்டது. வினையில் செம்புக்கு நேர்ப்பங்கு எதுவும் இல்லை. சாவியைப்போல் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. வடிவத் தேர்வு என்று ஏன் இத்தனை கவலை?

என் அப்பா சங்குக் கிட்டங்கியில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். குளியாளிகள் கொண்டுவரும் சங்குகளை விட்டம் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் தொழில். வங்காளத்துக்குப் போய் அவை பெண்களின் கைவளையாகும். ஆகவே விட்டம்தான் விலை. வாழ்நாள் முழுதும் தாம் கண்டிராத பெண்களின் மணிக்கட்டுக்கு அளவெடுத்தவர் என்று அவரைச் சொல்லலாம். (அச்சங்குகள் போய்ச்சேரும் கொல்கத்தாவில்தான், 1876இல் தொடங்கிய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில், பிரத்யுத் கோஷ் குழுவினர் உலோக அயனிகளின் துணையோடு ரோடாக்சேன்களைக் கோத்திருக்கிறார்கள்.) சாதாரணச் சங்கு இடம்புரி. மிக அரிதாக அகப்படும் வலம்புரி அதன் ஆடிப்பிம்பம். எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றொன்றாகாது. விலங்கியலார் கூர்முனையை மேலே வைத்துப் பார்ப்பதால், நாம் வலம்புரி என்பதை அவர்கள் இடம் என்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து பார்ப்பது என்று முன்கூட்டியே உடன்படாவிட்டால் வலமும் இடமும் வெறும் சொற்கள்.

மூலக்கூறுகளிலும் இவ்விரு புரிகள் உண்டு. புதினாவின் மணத்துக்கும் சதகுப்பை விதையின் மணத்துக்கும் காரணமான கார்வோன் ஒரே பொருள்தான். ஒன்று வலம், ஒன்று இடம். மூக்குக்கு வேறுபாடு தெரிகிறது. உடம்புக்கும் தெரிகிறது.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தைந்து. பார்க்கின்சன் நோய். கை நடுங்கத் தொடங்கியபோது முதுமை என்று விட்டுவிட்டோம். அதற்கு வெகுமுன்பே அவர் கையெழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. பால் கணக்கு எழுதும் நோட்டில் முதல் பக்கத்து எழுத்து பருப்பளவு என்றால் கடைசிப் பக்கத்தில் கடுகளவு. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான விடைத்தாள்களில் கையெழுத்துப் பார்த்து மாணவரின் மனநிலையையே ஊகிப்பதாகப் பெருமை பேசுபவள் நான். அந்த நோட்டையும் மாதாமாதம் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். எழுத்துச் சிறுத்தல் இந்நோயின் குறி என்பதை மருத்துவர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து அந்த நோட்டைப் புரட்டினேன். இரண்டு வருடம். வளை நெகிழ்ந்ததைத் தோழி கண்டாள், தாய் கண்டாள் என்று வகுப்பில் சொல்லும்போது இப்போதெல்லாம் குரல் கொஞ்சம் தணிந்துவிடுகிறது.

அவர் உண்ணும் மாத்திரையில் இருப்பது லெவோடோபா. லெவோ என்றால் இடம். சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் 1937இல் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள். செடி தன் நொதிகளால் இடப்புரியை மட்டுமே செய்கிறது. குடுவையில் செய்தாலோ இரண்டும் சரிபாதியாக வந்துவிடும். 1960களில் இரண்டும் கலந்த மருந்தைக் கொடுத்தபோது சிலருக்கு இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. இடப்புரியை மட்டும் கொடுத்தபோது பாதியளவே போதுமாயிற்று. மான்சாண்டோ நிறுவனத்தில் நோல்ஸ் என்பவர், ரோடியத்தைச் சுற்றிப் புரியுள்ள ஈனிகளைப் பொருத்தி, இடப்புரி மட்டும் பெருவாரியாக விளையும்படி 1970களில் வழிசெய்தார். 2001இன் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. பின்னர் நொதிவழித் தயாரிப்பும் வந்தது.

நோல்ஸின் ஈனிகளில் புரி என்பது அவற்றின் அணுக்கட்டிலேயே இருந்தது. தோழி அடுத்துச் சொன்னதைத்தான் நான் இன்னும் மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். அச்சுக்குப் புரி இல்லை. வளையத்துக்கும் இல்லை. கோத்தபின் புரி வந்துவிடுகிறது.

நம்பமுடியாமல் கேட்டேன். அவள் ஒரு தாளில் வரைந்தாள். வளையலில் ஒரே திசையில் நீந்தும் மீன்களை அம்புக்குறிபோல் எளிய கோடுகளாகப் பொறித்திருப்பதாகக் கொள்ளுங்கள். மேசைமேல் கிடக்கும்போது அதைக் கவிழ்த்தால் மீன்கள் எதிர்த்திசையில் நீந்தும். ஆகவே வளையலுக்கென்று வலமும் இல்லை, இடமும் இல்லை. கையை ஒரு உருண்டைக் கழியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை விரல், மறுமுனை தோள். கழிக்கும் புரி இல்லை. இப்போது வளையலைக் கையில் இடுங்கள். விரல் முனையிலிருந்து பார்த்தால் மீன்கள் வலமாகச் சுற்றும், அல்லது இடமாகச் சுற்றும். கையில் இருக்கும்வரை வளையலைக் கவிழ்க்க வழியே இல்லை. உடைத்தால்தான் உண்டு.

2020இல் கோல்டப்பும் அவருடன் ஆய்ந்த ஹேர்டும் இத்தகைய புரி மட்டுமே உள்ள ரோடாக்சேனைத் தங்கத்துக்கு ஈனியாக்கி, ஒரு வினையில் ஒருபுரி விளைபொருள் மிகுந்து வருவதைக் காட்டினார்கள். தனித்தனியே எந்தப் பக்கமும் சாராத இரண்டு, சேர்ந்த முறையாலேயே ஒரு பக்கத்தைத் தேர்ந்துவிடுகின்றன. தமிழ் இலக்கணத்தில் இதற்கு இணை தேடினேன். புணர்ச்சி விதிகள் எதுவும் ஒத்துவரவில்லை. அவற்றில் சொற்கள் ஒன்றையொன்று மாற்றிவிடுகின்றன. இங்கே எதுவும் மாறவில்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அப்பாவின் மாத்திரைக்கும் இந்த ரோடாக்சேன்களுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. இவை ஆய்வகத்தில் மில்லிகிராம் கணக்கில் செய்யப்படுபவை. செய்ய உழைப்பு மிகுதி. இவற்றால் எந்த ஆலையும் ஓடவில்லை. நான் ஆர்வக்கோளாறால் "இனி மருந்தெல்லாம் இப்படித்தானா?" என்று கேட்டபோது தோழியே தடுத்தாள். "அப்படியெல்லாம் சொல்லிவிடாதீர்கள் அக்கா. எங்கள் ஆட்கள் அடிக்க வருவார்கள்."

சொல் விவகாரம் இழுத்துக்கொண்டே போனது. கோவைப் பிணைப்பு என்றேன். பிள்ளைகள் கோயம்புத்தூர் என்று நினைப்பார்கள் என்றாள். பூட்டுப் பிணைப்பு என்றேன். பூட்டுக்குச் சாவி கேட்பார்கள். வளைப்பிணைப்பு என்றபோது எழுதிக்கொண்டாள்.

உரைக்கு முந்தின ஞாயிறன்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். புரியை விளக்குவதற்காக இணையத்தில் ஒரு வலம்புரியை வாங்கியிருந்தாள். அப்பாவிடம் காட்டிவிட்டு எடுத்துச்செல்லலாம் என்று அவளுக்கு எண்ணம். அப்பா அதை வாங்க நீட்டிய கை ஆடியது. மடியில் வைத்துக்கொண்டு, "இருங்கம்மா. மாத்திர போட்டு இப்பதான் பத்து நிமிசம் ஆச்சு" என்றார். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே மாத்திரையைப் போட்டுவிடவேண்டும். நாங்கள் காத்திருந்தோம். துறைமுகத்தில் அவர் பார்த்த தோணிகளைப் பற்றித் தோழியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சினூடே கை அடங்கிவருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சங்கை எடுத்து, கண்ணால் பார்க்காமல், ஆட்காட்டி விரலை வாய்க்குள் விட்டுத் தடவினார். ஒரு சுற்று. மறுபடியும்.

"வலம்புரிதான். ஆனா நம்ம சங்கு இல்ல."

"எப்படிச் சொல்லுதீங்க தாத்தா?"

"நம்ம சங்குன்னா உள்ளுக்குள்ள மூணு நாலு வரி விரல்ல தட்டும். இது மொழுமொழுன்னு இருக்கு. அமெரிக்காப் பக்கத்துச் சங்கு. அங்க இந்தச் சாதி எல்லாமே இப்படித்தான் திரும்பியிருக்கும்னு சொல்லுவாவ. எவ்வளவு குடுத்த?"

அவள் தொகையைச் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"திருப்பி அனுப்பிரு."

"வேண்டாம் தாத்தா. எனக்கு அது திரும்பியிருக்கிற பக்கம் மட்டும் போதும்" என்று சங்கைத் துணியில் சுற்றினாள். அப்பா அவளை நிறுத்தினார். கிட்டங்கிக் காலத்துச் சாதாரண இடம்புரி ஒன்று அலமாரிக்கு மேல் உண்டு. அதை எடுத்துவரும்படி என்னிடம் சொன்னார்.

"ரெண்டையும் கொண்டு போ. ஒத்தச் சங்க வச்சுக்கிட்டுப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவ?"